இளைஞர் பரிமாற்ற அமைப்புகளைத் திருத்த, வழக்கத்துக்கு மாறான சில யோசனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி வயதுப் பிள்ளை ஒருவரை வேறொரு நாட்டில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு சில மாதங்களோ ஓராண்டோ தங்கவைத்து, அங்குள்ள பள்ளியிலேயே படிக்கவைப்பதுதான் பன்னாட்டு இளைஞர் பரிமாற்றம். இதை நடத்தும் அமைப்புகள் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு தன்னார்வலராக நான் சொல்லிவரும் சில மாற்றங்களைக் கேட்டு, "இதெல்லாம் நடக்குமா?" என்று பலரும் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது, எதைத் திருத்த வேண்டும்?

நன்றாக நடக்கும் இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அமைப்பின் பணம், விளம்பரம், கவனம் எல்லாமே வெளிநாடு போகிற மாணவரைச் சுற்றி இருக்கின்றன. கட்டணம் கட்டுவது அவருடைய குடும்பம் என்பதால் வாடிக்கையாளரும் அவர்களே என்றாகிவிட்டது. மறுபக்கம் பாருங்கள். அறை ஒதுக்கி, சாப்பாடு போட்டு, காய்ச்சல் வந்தால் ராத்திரியில் டாக்டரிடம் கூட்டிப்போய், பிள்ளை முகம் வாடினால் என்னவென்று விசாரிப்பது இன்னொரு குடும்பம். பல அமைப்புகளில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது, நிர்வாகக் குழுவில் இடம் கிடையாது. ஆண்டு முடிவில் ஒரு நன்றிச் சான்றிதழ் வரும், அவ்வளவுதான்.

வரவேற்கிறவர்கள் இல்லையென்றால் பரிமாற்றம் என்று ஒன்று இல்லை. அதனால் அமைப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

சின்னச் சின்னத் திருத்தங்கள் போதாதா? இவ்வளவு தலைகீழாக எதற்கு?

இந்த அமைப்புகள் பிறந்ததே தலைகீழான யோசனைகளால்தான். இன்று மாணவர் பரிமாற்றம் நடத்தும் ஏ.எஃப்.எஸ். (AFS), முதல் உலகப்போரில் பிரான்ஸில் காயமடைந்தவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பு. இரண்டாம் உலகப்போரிலும் அதே வேலையைச் செய்தார்கள். போர் முடிந்ததும் அதே ஆட்கள் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கி, 1947-இல் அதைத் தொடங்கினார்கள். வண்டி ஓட்டியவர்களுக்குக் கல்வித்துறையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

ஒய்.எஃப்.யூ. (YFU) என்ற இன்னொரு பரிமாற்ற அமைப்பு 1951-இல் 75 ஜெர்மன் இளைஞர்களை அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வீடுகளில் தங்கவைத்துத் தொடங்கியது. போர் முடிந்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. எதிரி நாட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் விட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அதே 1951-இல் டோரிஸ் ஆலன் என்ற உளவியலாளர், அமைதிக் கல்வியை 11 வயதிலேயே தொடங்க வேண்டும் என்று சொல்லி, பல நாட்டுக் குழந்தைகளை ஒரே முகாமில் சேர்த்தார். சிறுவர் முகாம்கள் நடத்தும் சி.ஐ.எஸ்.வி. (CISV) அமைப்பு அப்படித்தான் உருவானது. இவர்களோடு ஒப்பிட்டால் நான் சொல்பவை ஒன்றுமே இல்லை.

நேர்காணலை நீக்கிவிட்டுக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்களாமே?

ஆமாம். அதிகம் எதிர்ப்பு வரும் யோசனை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய நேர்காணல் எப்படி நடக்கிறது? மேசைக்கு ஒரு பக்கம் மூன்று தன்னார்வலர்கள், எதிரே பதினாறு வயதுப் பிள்ளை. "ஏன் போக விரும்புகிறாய்?" என்று கேட்டால், "இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் பாலமாக இருக்க விரும்புகிறேன்" என்று பதில் வருகிறது. கண்ணைப் பார்த்து, இடையில் நிறுத்தாமல், அழகாகச் சொல்கிறார். அடுத்து வரும் பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விரல்களைப் பிசைந்துகொண்டு, "வேற ஊர்ல எப்படி இருப்பாங்கன்னு பாக்கணும்" என்கிறது. மதிப்பெண் முதல் பிள்ளைக்குப் போகிறது. பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேச வீட்டிலேயே பழகியவர் அவர். அநேகமாக அவர் குடும்பத்தில் யாராவது ஏற்கெனவே வெளிநாடு போய் வந்திருப்பார்கள். இருபது நிமிடப் பேச்சு அளப்பது இந்தப் பழக்கத்தைத்தான். ஐந்தாவது மாதத்தில் வீட்டு நினைப்பு வந்து கதவைச் சாத்திக்கொள்ளும்போது இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதை அது அளப்பதில்லை.

என் யோசனை இரண்டு படிகள் கொண்டது. முதலில் ஒரு குறைந்தபட்சத் தகுதி. போவது பிள்ளையின் சொந்த விருப்பமாக இருக்க வேண்டும், பெற்றோர் தள்ளிவிடுவதாக இருக்கக் கூடாது. உடல்நல, மனநல விவரங்களை மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் முகாமில் மற்றவர்களோடு சேர்ந்து தங்கி, சமைத்து, பாத்திரம் கழுவியிருக்க வேண்டும். இதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சமம். அதற்கு அப்புறம் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல்.

தமிழ் வாசகருக்கு இது புதிதே இல்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விரிவாகச் சொல்கிறது. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அண்மையில் பதவியில் இருந்தவர்களுக்கும், கணக்குக் காட்டாதவர்களுக்கும் அதில் இடமில்லை. நம் காலத்தில் அயர்லாந்து, 2016-இல் அமைத்த குடிமக்கள் அவையின் 99 உறுப்பினர்களைச் சமவாய்ப்பு முறையில்தான் தேர்ந்தெடுத்தது. அரசியல் சட்டத் திருத்தம் வரை விவாதிக்க இந்த முறை போதும் என்றால், பிள்ளைகளை அனுப்பவும் போதும்.

இன்னொரு நல்லதும் உண்டு. பெயர் வராத பிள்ளை "நான் லாயக்கில்லை" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. பெயர் வந்த பிள்ளையும் தன்னை நாட்டின் பிரதிநிதி என்று நினைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்துக்குள் நுழையாது.

குலுக்கலில் தகுதியில்லாதவர் போய்விட்டால்?

அதற்குத்தான் முகாம். நேர்காணலில் நடித்துவிடலாம். இரண்டாம் நாள் காலை தூக்கக் கலக்கத்தில் குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது யாரும் நடிக்க மாட்டார்கள்.

எத்தனை பேரை வரவேற்கிறோமோ அத்தனை பேரைத்தான் அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஆரம்பத்தில் வலிக்கும். அனுப்பினால் கட்டண வருமானம் வருகிறது. வரவேற்றால் வீடு தேடும் அலைச்சல் வருகிறது. அதனால் அமைப்பின் எந்த ஊர்க் கிளையும் அனுப்புவதில்தான் ஆர்வம் காட்டும். விளைவாக, சில நாடுகளுக்குப் போக எல்லோரும் முட்டி மோதுகிறார்கள், சில நாடுகளுக்குப் போக ஆளே இல்லை. பரிமாற்றம் என்ற பெயரில் ஒருவழிப் போக்குவரத்து நடக்கிறது.

கடந்த ஆண்டு நீங்கள் வரவேற்ற எண்ணிக்கைதான் இந்த ஆண்டு உங்கள் கிளை அனுப்பக்கூடிய உச்சவரம்பு என்று விதி வைத்துப் பாருங்கள். கிளைத் தலைவரின் முதல் வேலை வீடு தேடுவதாக மாறிவிடும். அனுப்பும் எண்ணிக்கை ஓரிரு ஆண்டு குறையலாம், குறையட்டும். வீடு கிடைக்காமல் கடைசி வாரத்தில் யார் கையிலோ பிள்ளையை ஒப்படைப்பதை விட அது மேல்.

விருந்தோம்பும் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தால் வீடு எளிதாகக் கிடைக்குமே?

கிடைக்கும். ஆனால் பணத்துக்காக மட்டும் கதவைத் திறக்கிற வீடுகளும் சேர்ந்தே கிடைக்கும். அமெரிக்காவில் ஜே-1 விசாவில் வரும் பள்ளி மாணவர் திட்டத்தில், குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதையே விதி தடுக்கிறது. அதன் நோக்கம் எனக்குப் புரிகிறது, சம்பளம் கூடாது என்பதே என் கருத்தும். அதற்காக, கைக்காசு உள்ளவர்கள் மட்டும்தான் வரவேற்க முடியும் என்ற நிலையும் சரியில்லை. சின்ன வீட்டில், ஒற்றைச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு கட்டிலும், பிள்ளையின் பேருந்துச் சீட்டும், கூடுதல் மளிகைச் செலவும் பெரிய விஷயம். சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் ரசீதைக் காட்டினால் அந்தச் செலவைத் திருப்பிக் கொடுக்கலாம். இடம் கொடுக்காத நாடுகளில் கட்டில், மேசை, பயணச்சீட்டை அமைப்பே வாங்கிப் பிள்ளைக்குத் தரலாம்.

அதோடு ஒன்று. ஆண்டுக்கு இரண்டு வாரம் அந்தக் குடும்பத்துக்கு ஓய்வு வேண்டும். அந்த நாட்களில் பிள்ளையை வேறொரு வீடு பார்த்துக்கொள்ளட்டும். இதைக் கேட்கப் பல குடும்பங்கள் கூச்சப்படுகின்றன. நாமே முந்திக்கொண்டு கொடுக்க வேண்டும்.

கட்டணத்தை என்ன செய்யலாம்?

வருமானத்துக்கு ஏற்ற கட்டணம். யார் எவ்வளவு கட்டினார் என்பது கணக்காளரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

இப்போது பல இடங்களில் "உதவித்தொகை மாணவர்" என்று கோப்பிலேயே எழுதியிருக்கும். போகிற வீட்டுக்கும் அது தெரிந்துவிடும். நன்கொடையாளர் விருந்தில் அந்தப் பிள்ளையை மட்டும் மேடையேற்றி நன்றி சொல்ல வைப்பார்கள். முழுக் கட்டணம் கட்டிய பிள்ளை கீழே உட்கார்ந்து கைதட்டும். இரண்டு பேரும் ஒரே திட்டத்தில் போனவர்கள். இந்தக் காட்சியை இனி எங்கும் நடக்கவிடக் கூடாது.

செலவுக்காசையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். போன இடத்தில் வகுப்போடு சுற்றுலா, சினிமா, பிறந்தநாள் விருந்து என்று வரும்போதுதான் யாரிடம் காசு இல்லை என்பது தெரியும். எல்லா மாணவருக்கும் ஒரே தொகையை அமைப்பே மாதாமாதம் தரட்டும். வீட்டிலிருந்து கூடுதலாக வாங்குவதற்கு ஒரு வரம்பு வைக்கட்டும்.

நாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது ஏன்? விரிவதுதானே வளர்ச்சி?

விளம்பரத்தாளில் "இத்தனை நாடுகள்" என்று போட நன்றாக இருக்கும். ஆனால் ஒரு ஊருக்கு ஒரு பிள்ளை ஒருமுறை போய் வந்தால், அந்த உறவு அந்தப் பிள்ளையோடு முடிந்துபோகிறது. ஒரு கிளைக்கு வெளிநாட்டில் இரண்டோ மூன்றோ இணைக் கிளைகள், பத்து ஆண்டுக்கு அதே இணைகள் என்று வையுங்கள். முதல் ஆண்டு தடுமாறிய ஆசிரியர் மூன்றாம் ஆண்டு தேறிவிடுவார். அந்த ஊரில் எந்த வீடு நல்ல வீடு, எந்தப் பள்ளியில் புதுப்பிள்ளையைத் தனியே விட்டுவிடுவார்கள் என்பதெல்லாம் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும்.

இதற்குப் பெரிய உதாரணம் பிரான்ஸும் ஜெர்மனியும். 1963 ஜனவரியில் பிரான்ஸ் அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடினாவரும் எலிசே நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டில் பிரான்ஸ்–ஜெர்மனி இளைஞர் அலுவலகம் பிறந்தது. இரண்டே நாடுகளுக்கு நடுவில், விடாமல், தலைமுறை தலைமுறையாக நடத்தியதில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் நிகழ்ச்சிகளில் பங்கேற்றிருக்கிறார்கள். உலகம் முழுக்கச் சிதறியிருந்தால் இந்த ஆழம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், இரண்டு குழுக்கள் பழகினால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது, சில நிலைமைகள் வேண்டும் என்று 1954-இல் எழுதினார். இருவருக்கும் சம அந்தஸ்து, பொதுவான நோக்கம், சேர்ந்து செய்யும் வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு. பெட்டிக்ரூ, டிராப் என்ற உளவியலாளர்கள் இதைப் பற்றிய 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். பழக்கம் பொதுவாகவே முன்முடிவுகளைக் குறைக்கிறது, இந்த நிலைமைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்பது அதன் சாரம். கட்டணம், செலவுக்காசு, சம எண்ணிக்கை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். சம அந்தஸ்தை வாயால் சொன்னால் போதாது, விதியிலேயே இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்துப் பிள்ளைக்கு மட்டும் விசா மறுத்துவிட்டால்?

இணைக் கிளைகள் இருந்தால் இதற்கு வழி உண்டு. இரண்டு பேருக்கும் விசா எளிதாகக் கிடைக்கும் மூன்றாம் நாட்டில் இருவரும் ஒரு பருவம் சேர்ந்து தங்கலாம். அதற்கான நிதியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். மறுக்கப்பட்டவரை "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவது அநியாயம்.

பாதுகாப்பு விஷயத்தில் என்ன மாற்றம் கேட்கிறீர்கள்?

மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் செய்தாலும் நான் சந்தோஷப்படுவேன்.

நான் மேலே சொன்ன அமெரிக்க விதிகளில், மாணவர் தங்கும் வீட்டிலிருந்து 120 மைலுக்குள் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை மாணவரோடும் குடும்பத்தோடும் தொடர்பு கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்த மாத அழைப்பை நேரில் பார்த்தால் ஒன்று புரியும். சமையலறையில் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. பக்கத்தில் வீட்டுக்காரம்மா காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். "எல்லாம் எப்படி இருக்கிறது?" "நல்லா இருக்கு." "சாப்பாடு?" "நல்லா இருக்கு." படிவத்தில் ஒரு டிக் விழுகிறது. அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரே ஒருங்கிணைப்பாளர். வீட்டுக்காரம்மா அவருக்குப் பழக்கமானவர். இவரிடம் அந்தப் பிள்ளை எதைச் சொல்லும்?

அதனால் மூன்று விஷயங்கள் வேண்டும். வீடு தேடுகிறவரும் பிள்ளையின் பேச்சைக் கேட்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கூடாது. புகார் கேட்கும் ஆள் அமைப்புக்கு வெளியே, சம்பளத்துக்கு இருப்பவராக, பிள்ளையின் தாய்மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். மனம் நொந்து கிடக்கும்போது நான்கு மாதம் முன்னால் கற்றுக்கொண்ட மொழியில் வாய் வராது. மூன்றாவது, ஒவ்வொரு மாணவருக்கும் ஒருமுறை, காரணமே சொல்லாமல் வீடு மாறும் உரிமை. இதே உரிமை குடும்பத்துக்கும் உண்டு. யார் தப்பு என்று விசாரணை வைக்காமல் மாற்றிவிட வேண்டும். இது நடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கிளையும் எப்போதும் ஒரு வீட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு வீடு இல்லாத கிளை அந்த ஆண்டு யாரையும் வரவேற்கக் கூடாது.

தோல்விகளை வெளியிடச் சொல்கிறீர்கள். அமைப்பின் பெயர் கெடாதா?

பாதியில் திரும்பியவர்கள் எத்தனை பேர், வீடு மாறியவர்கள் எத்தனை பேர், என்ன வகைக் காரணங்கள் என்று பெயர் இல்லாமல் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முதல் ஆண்டு சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையை அனுப்பப் போகும் தாய்தகப்பனுக்குச் சிரித்த முகப் படங்களை விட இந்த ஒரு பக்கம் அதிகம் உதவும்.

நிர்வாகக் குழுவில் யார் இருக்க வேண்டும்?

பாதிப் பேர் இப்போது வரவேற்றுக்கொண்டிருக்கும் அல்லது கடந்த மூன்று ஆண்டில் வரவேற்ற குடும்பங்கள். கால்வாசி, 25 வயதுக்கு உட்பட்ட, அண்மையில் போய்வந்தவர்கள். மீதிதான் மற்றவர்கள். யாருக்கும் இரண்டு முறைக்கு மேல் பதவி இல்லை.

இளைஞர்களுக்கு அனுபவம் போதாது என்பார்கள். ஐரோப்பிய கவுன்சிலின் (Council of Europe) இளைஞர் துறையில் 1970-களிலிருந்து, அரசுப் பிரதிநிதிகளும் இளைஞர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் சமமாக உட்கார்ந்து திட்டங்களையும் பணத்தையும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். அரசுகளே ஒத்துக்கொண்ட ஏற்பாடு ஒரு தன்னார்வ அமைப்புக்கு ஏன் முடியாது? முப்பது ஆண்டுக்கு முன் போய்வந்தவர்களின் அன்பும் உழைப்பும் பெரிது. ஆனால் அவர்கள் போனது கடிதம் வந்துசேர இரண்டு வாரமான காலம். தினமும் அம்மாவோடு வீடியோவில் பேசும் பிள்ளையின் தவிப்பு வேறு மாதிரி, அதை அண்மையில் அனுபவித்தவர்தான் சொல்ல முடியும்.

திரும்பி வந்த பிறகு என்ன?

இங்கேதான் பெரும்பாலான அமைப்புகள் கைவிட்டுவிடுகின்றன. விமான நிலையத்தில் மாலை, ஒரு வாரயிறுதிக் கூட்டம், அதோடு சரி. அமெரிக்காவுக்குப் போன நார்வேக்காரர்களை வைத்து லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955-இல் எழுதிய கட்டுரையில், போனவர்களின் மனநிலையில் உற்சாகம், சரிவு, மீட்சி என்ற வளைவைக் காட்டினார். ஊர் திரும்பியதும் அதே வளைவு இன்னொரு முறை வரும் என்று 1963-இல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் சேர்த்தார்கள். எல்லோருக்கும் இந்த வளைவு அப்படியே பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் திரும்பியதும் சொந்த வீடே அந்நியமாகப் படுவதைப் போய்வந்தவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

திட்டத்தின் கடைசி ஆறு மாதத்தை ஊர் திரும்பிய பிறகு வையுங்கள். அந்த ஆறு மாதத்தில் அவருக்கு ஒரே வேலை: தன் ஊருக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்குத் துணையாக இருப்பது. பள்ளியில் எந்தச் சாப்பாட்டு மேசையில் போய் உட்காருவது என்று தெரியாமல் தட்டோடு நிற்கும் பிள்ளையின் நிலைமை அவருக்கு மட்டும்தான் உடனே புரியும். தான் கற்றது வீணில்லை என்று அவருக்கும் தெரியும். போனவர் வரவேற்பவராக மாறும்போதுதான் அந்தப் பரிமாற்றம் முழுமையாகிறது.

இரண்டு வாரப் பயணங்கள், இணையவழிச் சந்திப்புகள்?

பள்ளி மாணவர்களுக்கான இரண்டு வார விமானப் பயணங்களை நிறுத்திவிடலாம். அதற்குப் பெயர் சுற்றுலா. ரயிலில் போகக்கூடிய பக்கத்து நாடு என்றால் சரி. இணையவழிச் சந்திப்பு புறப்படும் முன் குடும்பத்தோடு பழக நல்லது, தங்குவதற்கு ஈடாகாது.

என் கிளை சின்னது. தனியாக எதைச் செய்ய முடியும்?

பிள்ளையின் பேச்சைக் கேட்பவரையும் வீடு தேடுபவரையும் இந்த ஆண்டே பிரித்துவிடுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வரை இன்னொரு தன்னார்வலர் கிடைத்தால் போதும், பணம் தேவையில்லை. அடுத்த கூட்டத்துக்கு இப்போது பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களை அழைத்து, அவர்களுக்கு ஓட்டுரிமை கொடுங்கள். விதி இடம் கொடுக்கவில்லை என்றால், அவர்கள் எடுக்கும் முடிவை அப்படியே ஏற்பதாகக் குழு தீர்மானம் போடட்டும். வீடு மாற வேண்டி வந்தால் தயாராக இருக்க ஒரு வீட்டையும் பேசி வையுங்கள். குலுக்கலுக்கும் கட்டண மாற்றத்துக்கும் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு இரண்டு மூன்று கிளைகள் சேர்ந்து ஓராண்டுச் சோதனையாகக் கேட்டால் மறுப்பது கடினம்.